ஃபார்மட் போடுவதற்கு முன்

ஐப்பசி அடைமழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில், வலங்கைமான் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் கும்பகோணத்தில் உள்ள என் கடைக்கு வந்தார். யூரியா மூட்டைக்குள் இருக்கும் பாலிதீன் பையில் மடிக்கணினியைப் போட்டு, அதன் மேல் ஒரு துண்டையும் சுற்றி, குழந்தையைத் தூக்கி வருவது போல மார்போடு அணைத்து எடுத்து வந்திருந்தார். மேசையில் வைத்ததும் அவர் சொன்ன முதல் வாக்கியம், "தம்பி, இதுக்குள்ள 847 வைரஸ் இருக்குன்னு சொல்லுது. ஃபார்மட் போட்டுக் குடுத்துடுங்க" என்பதுதான். ஃபார்மட் என்றால், டிரைவில் இருப்பதையெல்லாம் அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாக ஏற்றுவது.

மூடியைத் திறந்தேன். திரை முழுவதும் சிவப்பு. நடுவில் ஒரு கேடயச் சின்னம், அதன் கீழே 847 என்ற எண், அதற்கும் கீழே ஒரு தொலைபேசி எண். ஒலிபெருக்கியிலிருந்து பீப் ஒலியும், கணினியை அணைத்தால் தகவல்கள் அழிந்துவிடும் என்று ஆங்கிலத்தில் எச்சரிக்கும் பெண் குரலும் மாறி மாறி வந்தன. பணிப்பட்டையும் இல்லை, மேலே மூடுவதற்கான பெருக்கல் குறியும் இல்லை. எஸ்கேப் விசையை இரண்டு மூன்று நொடிகள் அழுத்திப் பிடித்தேன். அந்தச் சிவப்பு சற்றே சுருங்கியது, அதன் தலைப்பில் குரோம் உலாவியின் முகவரிப் பட்டை தெரிந்தது. அதில் பொருளற்ற எழுத்துகளும் எண்களும் கலந்த ஒரு நீண்ட முகவரி இருந்தது. அதாவது, ஆசிரியரை இரண்டு நாட்கள் தூங்கவிடாமல் செய்தது ஓர் இணையப் பக்கம். சினிமாச் செய்தி படிக்கும் ஒரு பக்கத்தைத் திறப்பதும் பொங்கல் வாழ்த்துப் படம் ஒன்றைத் திறப்பதும் எப்படியோ, அப்படித்தான் அதுவும் அவருடைய கணினியில் திறந்திருந்தது. கணினிக்குள் எதுவும் நுழையவில்லை.

"மூடுனா போதுமா?" என்று அவர் கேட்டபோது அந்தக் குரலில் நிம்மதியைவிடச் சந்தேகமே அதிகம் இருந்தது. இத்தனை ஆர்ப்பாட்டம் செய்த ஒன்று உலாவியின் ஒரு தாவலை (டேப்) மூடியதும் போய்விடும் என்பதை நம்புவது எளிதல்ல என்பதால், நான் வழக்கமாகச் செய்யாத ஒன்றைச் செய்தேன். கடையில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற வேறொரு இயங்குதளம் ஏற்றிய பழைய கணினி ஒன்று இருக்கிறது. தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது பலருக்கு நினைவிருக்கும். அந்த வகையைச் சேர்ந்ததுதான் இதுவும், விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸை மட்டும் வைத்திருக்கிறேன். அதில் அந்த முகவரியைத் தட்டினேன். பதினைந்து நொடிகளில் அது என் "சி டிரைவை" முழுவதும் சோதித்து, விண்டோஸ் கோப்புறைக்குள் 847 வைரஸ்கள் இருப்பதாக அறிவித்தது. சி டிரைவ் என்பது விண்டோஸ் வைக்கும் பெயர், அந்த லினக்ஸ் கணினியில் அப்படி ஒன்றே கிடையாது. ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டு, "கேள்வித்தாளைப் பார்க்காமலேயே விடை எழுதுறான்" என்றார். (இப்படிப் போலி முகவரியை வேறொரு கணினியில் திறந்து பார்க்கும் வேலையை வீட்டில் யாரும் செய்ய வேண்டாம். இந்தக் கணினியில் இழப்பதற்கு எதுவும் இல்லை என்பதால் நான் துணிந்தேன்.)

உலாவிக்குள் திறக்கும் ஓர் இணையப் பக்கத்தால் நம் ஹார்டு டிஸ்கில் உள்ள கோப்புகளைத் தானாகப் படித்துப் பார்க்க முடியாது. அதற்கு உலாவி இடம் கொடுப்பதில்லை. எனவே, ஒரு பக்கம் நம் கணினியைச் சோதித்துவிட்டதாகச் சொன்னால், அது எழுதி வைத்த நாடகத்தை ஓட்டுகிறது என்றே பொருள். அதில் இருந்த தொலைபேசி எண்ணும் அந்த நாடகத்தின் ஒரு பாத்திரம்தான். மைக்ரோசாஃப்ட் தன் பிழைச் செய்திகளில் அழைப்பதற்கான தொலைபேசி எண்ணைப் போடுவதில்லை என்று தானே அறிவித்திருக்கிறது. ஆசிரியர் அந்த எண்ணுக்கு அழைத்தாரா என்று கேட்டேன். அழைக்க முயன்றாராம், ஆனால் அன்று மழையில் ஊருக்கு மின்சாரம் நின்று, அதோடு டவரும் படுத்துவிட்டது. மின்வாரியத்தைத் திட்டிக்கொண்டே படுத்ததாகச் சொன்னார்.

அவர் கேட்டபடி நான் ஃபார்மட் போட்டிருந்தால் ஒரு மணி நேர வேலை, கூலியும் கிடைத்திருக்கும். ஏன் போடவில்லை என்பதற்கு 2009-ல் நடந்த ஒரு சம்பவம் காரணம். அப்போது நான் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலைக்கு இருந்தேன். பக்கத்துக் கடைகளின் கணினிகளையும் பார்த்துக் கொடுப்பேன். எல்லாம் விண்டோஸ் எக்ஸ்பி காலம். பாத்திரக் கடை ஒன்றின் கணக்குப்பிள்ளை தன் கணினியைக் கொண்டு வந்தார். அதில் "ஆன்டிவைரஸ் 2009" என்ற பெயரில், விண்டோஸின் பாதுகாப்பு மையத்தைப் போலவே நிறமும் சின்னமும் கொண்ட ஒரு மென்பொருள் உட்கார்ந்துகொண்டு, எந்த நிரலைத் திறந்தாலும் அதில் வைரஸ் இருப்பதாகச் சொல்லி, நீக்க வேண்டுமானால் கடன் அட்டை எண்ணைக் கொடு என்று கேட்டது. நான் அதிகம் யோசிக்கவில்லை. டி டிரைவில் இருப்பது பத்திரமாக இருக்கும் என்று அவரிடம் சொல்லிவிட்டு, சி டிரைவை ஃபார்மட் போட்டேன். அவர் இரண்டு வருடக் கணக்கையும் டெஸ்க்டாப்பில் ஒரு கோப்புறையில் வைத்திருந்தார். டெஸ்க்டாப் என்பது சி டிரைவுக்குள்தான் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்த நான் கேட்கவில்லை. அந்தப் போலி மென்பொருள் அவருடைய கோப்புகளில் ஒன்றைக்கூடத் தொட்டிருக்கவில்லை. அழித்தவன் நான்தான். பிறகு அவர் ரசீதுக் கட்டுகளை வைத்து மூன்று மாதம் இரவில் உட்கார்ந்து கணக்கை மறுபடியும் ஏற்றினார். என்னை அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

அந்தக் காலத்தில் இது ஏதோ விளையாட்டுப் பிள்ளைகள் செய்யும் வேலை என்று நினைத்திருந்தேன். உண்மையில் அது அலுவலகம், விற்பனைப் பிரிவு, வாடிக்கையாளர் சேவை எல்லாம் வைத்து நடந்த வியாபாரம். வின்ஃபிக்ஸர், டிரைவ்கிளீனர், எரர்சேஃப், எக்ஸ்பி ஆன்டிவைரஸ் போன்ற பெயர்களில் போலிகளை விற்ற இன்னோவேட்டிவ் மார்க்கெட்டிங் என்ற நிறுவனத்தின் மீது, அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2008 டிசம்பரில் வழக்குத் தொடுத்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஏமாந்திருப்பதாக ஆணையம் கூறியது. 2012-ல் நீதிமன்றம் 16.3 கோடி டாலருக்கும் மேல் செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. விண்டோஸுக்கு மட்டும்தான் இந்தத் தொல்லை என்று பெருமைப்பட்ட ஆப்பிள்காரர்களுக்கு 2011 மே மாதத்தில் மேக் டிஃபெண்டர் என்ற போலி ஆன்டிவைரஸ் வந்து சேர்ந்தது. வியாபாரம் இன்றும் ஓயவில்லை. விண்டோஸ் எச்சரிக்கை போன்ற பெட்டிகளைக் காட்டிப் பழுது நீக்கும் சேவையை விற்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட, சைப்ரஸைச் சேர்ந்த இரண்டு நிறுவனங்கள் 2024-ல் அதே ஆணையத்திடம் 2.6 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டன. ஆகவே, ஏமாந்து வந்து நிற்பவரிடம் "இதுகூடவா தெரியவில்லை" என்று கேட்க எனக்கு மனம் வருவதில்லை. அவரை ஏமாற்றுவதற்கென்றே சம்பளம் வாங்குபவர்கள் எதிர்ப்பக்கம் இருந்திருக்கிறார்கள்.

எங்கள் பக்கத்து வயல்களில் நெல் நாற்றோடு நாற்றாகக் குதிரைவாலிப் புல்லும் வளரும். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். களை பறிக்க இறங்கும் பெண்கள் இலையின் பச்சையைப் பார்ப்பதில்லை; இலையும் தண்டும் சேரும் இடத்தைப் பார்ப்பார்கள். நெல்லுக்கு அங்கே சவ்வு போன்ற ஒரு சின்ன நாக்கு இருக்கும், குதிரைவாலிக்கு இருக்காது. போலி ஆன்டிவைரஸையும் அதன் நிறத்தையும் சின்னத்தையும் பெயரையும் வைத்துக் கண்டுபிடிக்க முயன்றால் தோற்றுத்தான் போவோம், ஏனென்றால் அவற்றை நகலெடுப்பதுதான் அவர்களுடைய தொழில். அந்தப் பெட்டி எதோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது என்று பார்க்க வேண்டும். என் அனுபவத்தில் அது மூன்று இடங்களில்தான் நிற்கும்: உலாவியில் திறந்த ஒரு பக்கமாக, உலாவி அனுப்பும் அறிவிப்பாக, அல்லது கணினிக்குள் நிறுவப்பட்ட ஒரு நிரலாக. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. ஃபார்மட் என்பது அந்த மூன்றில் எதற்கும் முதல் வைத்தியம் அல்ல.

பக்கமாக இருந்தால், ஆசிரியரின் கணினியில் செய்ததுதான். எஸ்கேப்பை அழுத்திப் பிடித்தோ எஃப் 11 விசையாலோ முழுத்திரையை விட்டு வெளியே வந்து தாவலை மூட வேண்டும். அது அடம்பிடித்தால், கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, உலாவியை அங்கிருந்தே முடித்துவிடலாம். மறுமுறை திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கவா என்று உலாவி கேட்கும். வேண்டாம் என்று சொல்ல வேண்டும். பக்கத்துக்கு உள்ளே வரையப்பட்டிருக்கும் பெருக்கல் குறியையோ "ரத்து செய்" பொத்தானையோ தொடக் கூடாது. அவையும் படத்தின் பகுதிதான். எங்கே தொட்டாலும் ஒரே கதவுதான் திறக்கும். கைப்பேசியில் "உங்கள் போனில் 4 வைரஸ்" என்று வருவதும் இதே வகை, அங்கும் தாவலை மூடினால் முடிந்தது.

இரண்டாவது வகை, அறிவிப்பு. கார்த்திகை தொடங்குவதற்கு முன் சம்பா பயிர்க் காப்பீட்டுப் பதிவுக்காகப் பொதுச்சேவை மையங்களில் கூட்டம் நெரியும் நாட்களில் இது எனக்கு அதிகம் வருகிறது. காரணம் மிகச் சாதாரணமானது. சிட்டா, அடங்கல், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து குறிப்பிட்ட கேபி அளவுக்குள் சுருக்கி ஏற்ற வேண்டும். வரிசையில் இருபது பேர் நிற்கும்போது, மையத்தை நடத்தும் பெண் தேடுபொறியில் முதலில் கிடைத்த, படத்தைச் சுருக்கும் ஏதோ ஒரு தளத்துக்குள் போகிறார். "நீங்கள் ரோபோ இல்லை என்றால் அலோவ் பொத்தானை அழுத்துங்கள்" என்று அது கேட்கிறது, அவரும் அழுத்துகிறார். அந்தப் பொத்தான் ரோபோவைச் சோதிப்பதற்கானது அல்ல. அந்தத் தளம் இனி எப்போது வேண்டுமானாலும் அறிவிப்பு அனுப்பலாம் என்பதற்கு நாம் தரும் ஒப்புதல். மறுநாள் முதல் திரையின் வலது கீழ் மூலையில், விண்டோஸே அனுப்புவது போல, "உங்கள் பாதுகாப்பு இன்று காலாவதியாகிறது" என்ற சீட்டு பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப்பார்க்கும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் உண்மையாகவே முடிந்துவிட்டதால், காலாவதி என்ற சொல்லைக் கண்டதும் அதை நம்பிவிட மனம் இப்போது இன்னும் தயாராக இருக்கிறது.

அந்தச் சீட்டை உற்றுப் பார்த்தால் ஒரு ஓரத்தில் சின்ன எழுத்தில் உலாவியின் பெயரும் தளத்தின் முகவரியும் இருக்கும். களை பறிப்பவர்கள் பார்க்கும் அந்தச் சேரும் இடம் இங்கே அதுதான். குரோமில் செட்டிங்ஸ், அதற்குள் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதற்குள் சைட் செட்டிங்ஸ், அதற்குள் நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போனால் அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் கிடைக்கும். அறியாத பெயர்களை ஒவ்வொன்றாக நீக்கிவிட்டு, அறிவிப்பு அனுப்ப எந்தத் தளமும் கேட்கவே கூடாது என்ற வாய்ப்பையும் தேர்ந்தெடுத்துவிட்டால் அந்தச் சீட்டு மறுபடியும் வராது. ஒரு சேவை மையத்தின் கணினியில் அப்படி அறுபதுக்கும் மேற்பட்ட தளங்களை நீக்கியிருக்கிறேன். அந்தக் கணினியில் வைரஸ் ஒன்றும் இல்லை. ஆனால் வைரஸ் என்று நம்பி அதன் உரிமையாளர் ஏற்கெனவே இரண்டு முறை வேறெங்கோ ஃபார்மட் போட்டிருந்தார். இரண்டு முறையும் சில நாட்களில் சீட்டு திரும்பி வந்தது.

மூன்றாவது வகைதான் உண்மையான வேலை. ஆவணியில், முகூர்த்த நாட்கள் நெருங்கும்போது, மன்னார்குடிப் பக்கம் கல்யாணப் பத்திரிகையும் ஃபிளெக்ஸும் வடிவமைக்கும் இளைஞர் ஒருவர் தன் சிபியுவைப் பைக்கில் கட்டிக்கொண்டு வந்தார். தொடங்கி ஒரு நிமிடத்துக்குள் ஒரு பெட்டி தானே திறந்து, கோப்புகளின் பெயர்களை மின்னல் வேகத்தில் ஓடவிட்டு, 312 ஆபத்துகள் என்று சொல்லி நின்றது. நெட் ஒயரைக் கழற்றிய பிறகும் அது அப்படியே வந்தது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் கண் சிமிட்டும் நேரத்தில் மூடிக்கொண்டது. இந்த இரண்டும் அது உள்ளே குடியேறிவிட்டதற்கு அடையாளங்கள். விண்டோஸின் சொந்தப் பாதுகாப்பு நிரலான டிஃபெண்டர் அணைந்து கிடந்தது.

எனக்குச் சற்று விளையாட்டுப் புத்தி தோன்றியது. ஆன்டிவைரஸ்கள் விழித்திருக்கின்றனவா என்று சோதிப்பதற்கென்றே ஐகார் என்ற ஐரோப்பிய அமைப்பின் பெயரில் வழங்கும், 68 எழுத்துகள் கொண்ட ஒரு சோதனை வரி உண்டு. அது யாருக்கும் தீங்கு செய்யாது. ஆனால் நேர்மையான ஆன்டிவைரஸ்கள் அதைக் கண்டதும் வைரஸைப் பிடித்தது போலவே பிடித்துக் காட்ட வேண்டும் என்பது இத்துறையில் உள்ள உடன்பாடு. அந்த வரியை நோட்பேடில் எழுதி டெஸ்க்டாப்பில் சேமித்துவிட்டு, அந்தப் பெட்டியிலேயே மறுசோதனைப் பொத்தானை அழுத்தினேன். மறுபடியும் 312. பட்டியலை மேலிருந்து கீழ்வரை உருட்டினோம். டெஸ்க்டாப்பில் கண்ணெதிரே கிடந்த சோதனைக் கோப்பு அதில் இல்லை. பிறகு டிஃபெண்டரை எழுப்பியபோது அந்தக் கோப்பை உடனே தூக்கிக்கொண்டு போனது. "அண்ணே, இத்தனை நாள் இதுகிட்டயா நான் பயந்துகிட்டு இருந்தேன்" என்றார் அவர்.

இவ்வளவு தூரம் போகாமலேயே வீட்டில் பார்க்கக்கூடிய ஓர் இடம் இருக்கிறது. ஸ்டார்ட் மெனுவில் விண்டோஸ் செக்யூரிட்டி என்று தட்டித் திறந்து, அதன் செட்டிங்ஸில் மேனேஜ் புரொவைடர்ஸ் என்ற பகுதிக்குப் போனால், இந்தக் கணினிக்கு ஆன்டிவைரஸ் என்று முறையாகப் பதிவு செய்துகொண்டிருப்பது எது என்று விண்டோஸே சொல்லும். முறையான நிறுவனத்தின் மென்பொருளானால் பெயர் அங்கே இருக்கும். நான் பார்த்த போலிகளின் பெயர் அங்கே இருந்ததில்லை. சந்தேகத்துக்குரிய நிரலின் கோப்பை வலது சொடுக்கிப் பிராப்பர்ட்டீஸுக்குள் டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ் என்ற தாவல் இருக்கிறதா என்றும் பார்க்கலாம். கையொப்பமே இல்லாத ஆன்டிவைரஸ் என்பது முத்திரை இல்லாத எடைக்கல் போல. அதில் நெல்லை எடை போட யாரும் சம்மதிக்க மாட்டார்கள். இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். புது மடிக்கணினியோடு சோதனைப் பதிப்பாக வந்த உண்மையான ஆன்டிவைரஸ்களும் காலம் முடிந்ததும் புதுப்பிக்கச் சொல்லி நச்சரிக்கும். அவை போலி அல்ல, நச்சரிப்பு மட்டும்தான். வேண்டாம் என்றால் முறைப்படி நீக்கிவிடலாம். அந்த இடத்தை டிஃபெண்டர் தானாக எடுத்துக்கொள்ளும். எட்டாம் பதிப்பிலிருந்தே விண்டோஸோடு ஆன்டிவைரஸ் சேர்ந்தே வருகிறது என்பது பலருக்கு இன்னும் தெரியவில்லை.

நீக்கும் வேலைக்கு வருகிறேன். முதலில் நெட்டைத் துண்டிக்க வேண்டும். அடுத்து, முக்கியமான ஆவணங்களையும் படங்களையும் ஒரு வெளி டிஸ்கில் நகலெடுத்துவிட வேண்டும். நிரல்களையும் இறக்கிய இன்ஸ்டாலர்களையும் அதோடு சேர்த்து எடுக்கக் கூடாது. 2009-க்குப் பிறகு இதைச் செய்யாமல் நான் ஒரு கணினியையும் தொடுவதில்லை. பிறகு செட்டிங்ஸில் நிறுவப்பட்ட செயலிகளின் பட்டியலைத் தேதி வாரியாக அடுக்கிப் பார்த்தால், தொல்லை தொடங்கிய அன்று வந்தவை மேலே நிற்கும். பாதிப் போலிகள் அங்கிருந்தே நீங்கிவிடும். அந்த இளைஞரின் கணினியில் இருந்தது அந்தப் பட்டியலிலேயே இல்லை, எனவே சேஃப் மோடுக்குப் போக வேண்டியிருந்தது. ஷிப்ட் விசையை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுத்தால் ஒரு நீலத்திரை வரும். அதில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்று உள்ளே போய் மறுபடியும் ரீஸ்டார்ட் கொடுத்து, 4-ஐ அழுத்தினால் சேஃப் மோடு, 5-ஐ அழுத்தினால் இணைய வசதியுடன் சேஃப் மோடு. புதிய மடிக்கணினிகள் சில இந்தக் கட்டத்தில், டிரைவைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் மீட்பு எண்ணைக் கேட்கும். 48 இலக்க எண் அது. உரிமையாளரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பெரும்பாலும் சேமிக்கப்பட்டிருக்கும். அது கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளாமல் இந்த வழியில் இறங்க வேண்டாம்.

சேஃப் மோடில் தேவையான சேவைகள் மட்டுமே ஓடும் என்பதால் போலி பெரும்பாலும் எழுந்து வராது. இங்கே டாஸ்க் மேனேஜர் ஒழுங்காகத் திறந்தது. அதன் ஸ்டார்ட்அப் தாவலில் பொருளில்லாத எட்டு எழுத்துகளைப் பெயராகக் கொண்ட ஒரு நிரல் இருந்தது. வலது சொடுக்கில் அது இருக்கும் இடத்தைத் திறந்து பார்த்தால், புரோகிராம் ஃபைல்ஸில் இல்லாமல், பயனரின் ஆப் டேட்டா கோப்புறைக்குள் அதே பெயரில் ஒரு கோப்புறை. முறையான சில நிரல்களும் அங்கே குடியிருப்பதுண்டு என்றாலும், நிர்வாகி அனுமதி கேட்காமல் நுழைய வசதியான இடம் என்பதால் இவர்களுக்கும் அது பிடித்தமான இடம். தொடக்கப் பதிவை முடக்கி, அந்தக் கோப்புறையை நீக்கினேன். அதோடு விட்டால் மறுநாள் முளைக்கும். டாஸ்க் ஷெட்யூலரைத் திறந்தபோது, ஒவ்வொரு முறை உள்நுழையும்போதும் அதே நிரலை ஓட்ட ஒரு பணி எழுதி வைக்கப்பட்டிருந்தது. அதையும் எடுத்தேன்.

பிறகு இரண்டு பழைய தந்திரங்களுக்காக இரண்டு இடங்களைப் பார்த்தேன். ஒன்று, நெட்வொர்க் அமைப்பில் புராக்ஸி, அதாவது உலாவிக்கும் இணையத்துக்கும் நடுவில் நிற்கும் இடைத்தரகர். அதில் 127.0.0.1 என்று, அதாவது இதே கணினியின் முகவரி, எழுதப்பட்டிருந்தால் உலாவி போகும் பாதையின் நடுவில் யாரோ கயிறு கட்டியிருக்கிறார்கள். நாம் கேட்காமல் வந்த புராக்ஸியை அணைத்துவிட வேண்டும். போலியை நீக்கிய பிறகு இணையமே வரவில்லை என்று பலர் திரும்ப வருவதற்கு இதுதான் காரணம். மற்றொன்று, எந்தத் தளத்துக்கு எந்த முகவரி என்று விண்டோஸ் முதலில் பார்க்கும் ஹோஸ்ட்ஸ் என்ற சிறிய கோப்பு. ஆன்டிவைரஸ் நிறுவனங்களின் தளங்களுக்குப் போகும் வழியை அதில் அடைத்துவிடுவார்கள். இரண்டும் சரியான பின் டிஃபெண்டரில் ஆஃப்லைன் ஸ்கேனைக் கொடுத்தேன். விண்டோஸ் எழுவதற்கு முன்பே, கால் மணி நேரம் போல, அது தனியாகச் சோதிக்கும். ஓடாத நிரலால் தன்னைக் காத்துக்கொள்ள முடியாது என்பதுதான் அதன் பலம். இரண்டாவது கருத்துக்கு மால்வேர்பைட்ஸ் என்ற வேறொரு பாதுகாப்பு மென்பொருளின் இலவசப் பதிப்பை ஓட்டுவது என் வழக்கம். மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2017-ல் தொடங்கிய சைபர் ஸ்வச்சதா கேந்திராவின் தளத்திலும் இலவச நீக்கக் கருவிகள் கிடைக்கின்றன. எதை இறக்கினாலும் தேடுபொறியில் மேலே வரும் விளம்பரத்தை நம்பாமல், நிறுவனத்தின் சொந்த முகவரியிலிருந்தே இறக்க வேண்டும். போலியை நீக்கும் கருவி என்ற பெயரிலும் போலிகள் உலவுகின்றன.

இவ்வளவும் முடிந்த பிறகும் அந்தக் கணினியில் டிஃபெண்டர் ஏன் அணைந்து கிடந்தது என்ற கேள்வி மிச்சமிருந்தது. டிஃபெண்டருக்குள் எக்ஸ்க்ளூஷன்ஸ் என்று ஒரு பட்டியல் உண்டு. அதில் போடும் கோப்புறையை டிஃபெண்டர் எட்டிப்பார்க்காது. திறந்தபோது டி டிரைவில் "சாஃப்ட்வேர்" என்ற கோப்புறை அதில் இருந்தது. இளைஞர் தலையைச் சொறிந்தார். வடிவமைப்பு மென்பொருளின் கிராக் பதிப்பை, அதாவது பணம் கட்டாமல் ஓடும் கள்ளப் பதிப்பை, யாரோ பென்டிரைவில் கொடுத்திருக்கிறார்கள். கூடவே இருந்த குறிப்புக் கோப்பில், முதலில் ஆன்டிவைரஸை அணைத்துவிடு, பிறகு இந்தக் கோப்புறையை விலக்குப் பட்டியலில் சேர், பிறகு இதை ஓட்டு என்று வரிசையாக எழுதியிருக்கிறது. அவரும் வரி பிசகாமல் செய்திருக்கிறார். பூட்டை உடைக்க வேண்டிய வேலையே திருடனுக்கு இல்லை. அந்தக் கோப்புறையையும் விலக்கையும் நீக்கினேன். கட்டணமில்லாத வடிவமைப்பு மென்பொருள்களான இங்க்ஸ்கேப்பையும் ஜிம்ப்பையும் நிறுவிக் கொடுத்தேன். பத்திரிகை வேலைக்கு அவை போதும் என்று நான் சொன்னதை அவர் மரியாதைக்காகக் கேட்டுக்கொண்டார்.

பணம் போன பிறகு வருபவர்களைப் பற்றியும் எழுத வேண்டும். திரையில் உள்ள எண்ணுக்கு அழைத்தால் மறுமுனையில் பேசுபவர் பெரும்பாலும் மிக மரியாதையாகப் பேசி, எனிடெஸ்க் போன்ற தொலைவிலிருந்து இயக்கும் செயலியை இறக்கச் சொல்லி, அதில் தெரியும் எண்ணைக் கேட்பார். கொடுத்துவிட்டால் நம் சுட்டியை அவர் நகர்த்துவார். அந்தச் செயலிகள் நல்ல வேலைக்கென்று செய்யப்பட்டவைதான், நானே பயன்படுத்துகிறேன். ஆனால் அவற்றைக் கொண்டு வங்கிக் கணக்கைச் சுரண்டுகிறார்கள் என்று ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே வங்கிகளை எச்சரித்தது. அப்படி யாருக்காவது திறந்துவிட்டிருந்தால், கணினியைச் சுத்தம் செய்வது இரண்டாவது வேலை. முதலில் வங்கிக்கு அழைத்து அட்டையையும் இணைய வங்கிச் சேவையையும் நிறுத்த வேண்டும். உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு அந்த முதல் சில மணி நேரத்தில்தான் அதிகம். தேசியச் சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் பதிவு செய்ய வேண்டும். கடவுச்சொற்களை வேறொரு கணினியிலிருந்தோ கைப்பேசியிலிருந்தோ மாற்ற வேண்டும், ஏனென்றால் பழைய கணினியில் தட்டும் புதிய கடவுச்சொல்லும் அவர்களிடமே போகக்கூடும். அந்நியர் உள்ளே உட்கார்ந்து என்ன செய்தார் என்று தெரியாத இந்த ஒரு நிலையில் மட்டும், ஆவணங்களைப் பத்திரப்படுத்திவிட்டு விண்டோஸை முழுவதும் புதிதாக நிறுவிவிடலாம் என்று நானே சொல்வேன்.

தலைமையாசிரியரிடம் நான் கூலி வாங்கவில்லை. வாங்காததே அவருக்குச் சந்தேகத்தைக் கூட்டிவிட்டது போலும், மறுவாரம் அந்த வழியாகப் போன தன் மருமகனிடம் வயல் வரப்பில் விளைந்த உளுந்தில் ஒரு படி கொடுத்தனுப்பிவிட்டு, "நிஜமாவே ஒன்னும் இல்லைதானே?" என்று கேட்டு வரச் சொல்லியிருந்தார்.

மன்னார்குடி இளைஞரின் சிபியு தை மாதத்தில், முதல் முகூர்த்தத்துக்கு நான்கு நாட்கள் இருக்கும்போது மறுபடியும் பைக்கில் வந்தது. இந்த முறை 419 ஆபத்துகள். "ஆர்டர் நெறைய இருந்துச்சுண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் டீ வாங்கி வரப் போனார். நான் விலக்குப் பட்டியலைத் திறந்தேன். இந்தத் தடவை டி டிரைவ் முழுவதுமே அதில் இருந்தது.